ஆள் இருந்ததால் செல்லாது

உட்காருங்கள் அண்ணா. நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. சுண்டல் இப்போதுதான், எட்டரை மணிக்கு, சாப்பிட்டு முடித்தான். சாப்பிட்ட நாயை இரண்டு மணி நேரத்துக்கு வண்டியில் ஏற்றக் கூடாது, வாந்தி எடுப்பான். என் மனைவி உங்கள் ஆபீசில் சொல்லியிருப்பாள். சொல்லவில்லையா? ஆச்சரியமாக இருக்கிறது. பூங்கோதை எதையும் மறக்கிறவள் இல்லை. சரி, பத்தரைக்குக் கிளம்பினாலும் சாயங்காலத்துக்குள் தஞ்சாவூர் போய்விடுவீர்கள். கரூர் தாண்டி எங்கேயாவது நிழலில் நிறுத்தித் தண்ணீர் மட்டும் காட்டுங்கள். எதுவும் தின்னக் கொடுக்க வேண்டாம். கெஞ்சுவான், கண்டுகொள்ளாதீர்கள்.

டீ குடிப்பீர்கள்தானே? பால் இருக்கிறது.

மயில்சாமி என்றுதானே போனில் சொன்னீர்கள்? நாய் பூனைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில் எத்தனை வருஷம்? நான்கு வருஷமா. அப்படியென்றால் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். இருந்தாலும் இவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூங்கோதை அனுப்பச் சொன்னாள், மூன்று வாரத்துக்குத்தான் போகிறான். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்ததும் பூங்கோதை இவனைக் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவாள். அதற்குள் இவனுக்குப் பழக்கம் கெட்டுவிடக் கூடாது பாருங்கள்.

வந்ததும் வராததுமாக, "கூண்டு எங்கேங்க?" என்று கேட்டீர்கள். இருக்கிறது, மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. ஐந்தாறு மாதமாக அங்கேதான் கிடக்கிறது. கூண்டில்லாமல் ஏற்ற மாட்டீர்களா? விதியா? விதி என்றால் சரி. நான் விதியை மீறுகிற ஆள் இல்லை. அதுதான் என் குணமே. ஆனால் அந்தக் கூண்டிலிருந்து இவனை வெளியே கொண்டுவர நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நீங்கள் கேட்டால்தான் புரியும்.

நாங்கள் பதினான்கு வருஷம் அமெரிக்காவில் இருந்தோம். மினியாபோலிஸ் என்று ஒரு ஊர். வருஷத்தில் பாதி பனி. என் விசாவில் மனைவிக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. பூங்கோதை தாவரவியலில் எம்.எஸ்சி., கல்லூரியில் முதல் மாணவி. அந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு பச்சை இலையைப் பார்க்க முடியாது. எங்களுக்குக் குழந்தையும் தங்கவில்லை. காலையில் ஏழரைக்கு நான் போனால் வர ஏழாகும். அவள் தனியாக இருக்கிறாளே என்று நான்தான் யோசித்து, ஆறாம் வருஷம், இவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதக் குட்டி. வேகவைத்த கொண்டைக்கடலை நிறம். அவள்தான் பெயர் வைத்தாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் "சூண்டேல், சூண்டேல்" என்று கூப்பிடுவார்கள், அவளுக்குச் சிரிப்பு தாங்காது. அந்த வருஷம் நன்றாகச் சிரித்தாள்.

அங்கே நாய்க்குப் பாடம் சொல்லித்தர ஒரு அம்மாள் வருவாள். அவள் சொன்னது, குட்டியைக் கம்பிக் கூண்டில் பழக்க வேண்டும். அது தண்டனை இல்லை, அதுதான் அதற்கு அறை, படுக்கை, பாதுகாப்பு. வீட்டில் ஆள் இருந்தாலும் தினமும் நான்கு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ஆளோடு ஒட்டிக்கொண்டுவிடும். நான் அதை அப்படியே பின்பற்றினேன். ஆபீசிலிருந்து போன் பண்ணுவேன், "உள்ள விட்டாச்சா?" என்று. விட்டுவிடுவாள். நான்கு மணி நேரம் அவன் கூண்டுக்குள்ளே, இவள் எதிரே தரையில். நான் ஒருநாள் சீக்கிரம் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பேச்சு மூச்சில்லாமல். அவ்வளவு கட்டுப்பாடாக நாய் பழகியிருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று சொன்னது அவள்தான். நான் மறுக்கவில்லை. அவள் பிறந்த ஊரான தஞ்சாவூரை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். எனக்கு வேலை கோயம்புத்தூரில் கிடைத்தது. "இதுவும் தமிழ்நாடுதானே கோதை" என்றேன். ஆமாம் என்றாள். அப்படித்தான் வடவள்ளிக்கு வந்தோம், இரண்டு வருஷம் ஆகிறது.

சீனி போதுமா?

போன வருஷம் மே மாதம். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம், இவனைக் கூண்டில் விட்டுவிட்டு. தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. வெடிச் சத்தம், அப்புறம் கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. மூன்று மணி நேரம். திரும்பி வந்தபோது வாயெல்லாம் ரத்தம். கம்பியைக் கடித்துக் கடித்து ஒரு கோரைப்பல் பாதியில் முறிந்திருந்தது. இதோ பாருங்கள், இந்தப் பக்கம். பூங்கோதை பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அழவில்லை. "கூண்டு வேண்டாங்க. இனிமே யாரையும் உள்ள வெச்சுப் பூட்ட வேண்டாம்" என்றாள்.

அவள் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன்.

ஆனால் அண்ணா, கதவைத் திறந்துவிட்டால் நாய் வெளியே வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வராது. ஒன்பது வருஷப் பழக்கம். நாம் கிளம்புகிறோம் என்று தெரிந்தாலே இவன் ஓடிப்போய்க் கூண்டுக்குள் படுத்துவிடுவான். கூண்டை மறைத்தால் வீடெல்லாம் மூச்சிரைக்கச் சுற்றுவான், வாசல் கதவைப் பிராண்டுவான், இருந்த இடத்திலேயே மூத்திரம் போவான். சுதந்திரத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். முதலில் கூண்டுக் கதவைக் கழற்றினேன். அப்புறம் கூண்டை ஹாலின் நடுவிலிருந்து மூலைக்கு. சுவரில் ஒரு சின்ன கேமரா, நான் எங்கே இருந்தாலும் போனில் பார்க்கலாம். ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நிமிஷம் வெளியே போய் வருவது, இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். சாவியை எடுத்துவிட்டுப் போகாமலே உட்கார்ந்துகொள்வது, செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போவது. சாவிச் சத்தத்துக்கும் பிரிவுக்கும் சம்பந்தமில்லை என்று அவன் மனதில் பதிய வேண்டும்.

எதிர்வீட்டுச் செல்வநாயகி அக்கா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். "ஏனுங் தம்பி, வெளிய போறீங்க, உள்ள போறீங்க, மறுக்கா வெளிய போறீங்க. பூட்டு சிக்குதுங்களா? எங்க ஊட்டுக்காரர எண்ணெ உடச் சொல்லட்டுங்களா?" பூங்கோதை உள்ளேயிருந்து, "பூட்டு இல்லைங்கக்கா, நாய்க்குப் பாடம்" என்றாள். "நாய்க்கா? பாத்தா உங்களுக்குச் சொல்லித்தர்ற மாதிரி இருக்குதுங்" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. போகும்போது ஆர்ப்பாட்டம் கூடாது. சொல்லிக்கொள்ளக் கூடாது, தடவிக்கொடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வரும்போதும் அப்படியே. போவதும் வருவதும் ஒரு விஷயமே இல்லை என்று ஆக்கிவிட வேண்டும். நம் வீடுகளில் இது கஷ்டம், தெரியும். நானும் முதல் நாள் பழக்கதோஷத்தில் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்றுவிட்டேன். உடனே சுண்டல் கூண்டுக்குப் பாய்ந்தான். அந்த வார்த்தைதான் அவனுக்கு அடையாளம் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றோடு அந்த வார்த்தையை வீட்டில் நிறுத்தினேன். பூங்கோதை ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நாயைக் கண்ணால் காட்டுவேன், நிறுத்திக்கொள்வாள். ஒருநாள் கேட்டாள், "எங்க வீட்டுல பால்காரர்கூட சொல்லிட்டுத்தாங்க போவாரு. ஒரு தலையசைப்பாவது குடுத்துட்டுப் போகக் கூடாதா?" என்று. "தலையசைச்சா அவன் பார்ப்பான் கோதை, எட்டு வாரம் பொறுத்துக்கோ" என்றேன். பொறுத்துக்கொண்டாள்.

ஜூலையில் ஹைதராபாத்தில் நான்கு நாள் வேலை. பெட்டியைக் கண்டால் இவன் கலவரமாகிவிடுவான் என்று முந்தின நாள் சாயங்காலமே பெட்டியைக் காரில் வைத்துவிட்டேன். காலையில் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் தூங்கும்போதே கிளம்பிவிட்டேன். பதினொரு மணிக்குப் பூங்கோதை போன் பண்ணினாள். "எங்க இருக்கீங்க?" "ஹைதராபாத்ல." நானே தொடர்ந்து, "சுண்டல் எப்படி இருக்கான்?" என்றேன். "எந்திரிச்சு உங்க ரூம்ல போய்ப் பாத்தான். அப்புறம் படுத்துட்டான்" என்றாள். அவள் குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது. நல்ல முன்னேற்றம் என்று நோட்டில் எழுதினேன்.

ஒரு சிக்கல் வந்தது. நான் ஆபீஸ் போன பிறகு கேமராவில் பார்த்தால் நாய் அமைதியாகப் படுத்திருக்கும், நாற்பது நிமிஷம், ஒரு மணி நேரம். சந்தோஷப்பட்டுக் குறித்துக்கொள்வேன். அப்புறம் பார்த்தால் ஓரத்தில் பூங்கோதை உட்கார்ந்திருப்பாள். அதே பழைய மாதிரி, தரையில், கூண்டுக்கு முன்னால். சில நாள் அவள் கையைக் கூண்டுக்குள் வைத்திருப்பாள், சில நாள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆள் இருந்தால் அது சோதனையே இல்லை அல்லவா? அதனால் அந்த நாட்களுக்கு நேராக, ‘ஆள் இருந்ததால் செல்லாது’ என்று எழுத வேண்டி வந்தது. ஆகஸ்டில் மட்டும் பத்தொன்பது நாள் செல்லாமல் போயிற்று.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவளிடம் இதுவரை குரல் உயர்த்தியதே இல்லை, செல்வநாயகி அக்காவைக் கேட்டுப் பாருங்கள். பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "நீ வீட்டுல இருக்கிற வரைக்கும் கணக்குல வராது கோதை. கொஞ்ச நேரம் எங்கயாவது போய் இருந்துட்டு வா." "எங்க போறது?" என்றாள். "எங்கயாவது" என்றேன்.

முதலில் பத்து நிமிஷம், தெருமுனையில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். வீட்டில் ஏதாவது சண்டையா என்று இஸ்திரிக்காரர் மனைவி கேட்டாளாம். அப்புறம் நாற்பது நிமிஷம், பஸ் ஸ்டாப் வரைக்கும். ஏறுவதற்கு ஒரு பஸ்ஸும் இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். கண்டக்டர்களுக்கு முகம் பழகிவிட்டது, "இன்னைக்காவது ஏறுங்கம்மா" என்பார்களாம். ஒருநாள் ஏறிவிட்டாள். மருதமலை அடிவாரம் போய், படியேறி, இரண்டரை மணி நேரம் கழித்து வந்தாள். சுண்டல் அத்தனை நேரமும் சோபாவுக்குக் கீழே தூங்கினான். முதல் முறையாகக் கூண்டுக்கு வெளியே. நான் ஆபீசில் எழுந்து நின்றுவிட்டேன். சாயங்காலம் நான் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க, அவள், "மேல நல்ல காத்துங்க, அங்க ஒரு மரம் பாத்தேன், பேரு ஞாபகம் வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு" என்றாள். எந்த மரம் என்று நான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் காந்திபுரம் வரைக்கும். அப்புறம் ஒரு முழுப் பகல். செப்டம்பரில் தஞ்சாவூரில் அவள் அக்கா பொன்மணி வீட்டுக்கு மூன்று நாள். தீபாவளிக்கு முன்னால் பத்து நாள். திரும்பி வந்தபோதெல்லாம் வாசலில் ஆர்ப்பாட்டம் கிடையாது. அவள் பாட்டுக்கு வந்து பையை வைப்பாள், நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்க மாட்டேன், சுண்டல் வாலை இரண்டு தட்டுத் தட்டுவான். எல்லாரும் நன்றாகத் தேறியிருந்தோம். அப்போதுதான் கூண்டை மாடிக்கு ஏற்றினேன்.

ஜனவரியில் தஞ்சாவூர்ப் பள்ளி ஒன்றில் தாவரவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார், மூன்றரை மாதத்துக்கு ஆள் வேண்டும் என்று பொன்மணி அக்கா சொல்லியிருக்கிறார். பூங்கோதை என்னிடம் கேட்டாள். தாராளமாகப் போ என்றேன். பிறகு ஒரு தடவை கேட்டாள், "நான் போனா உங்களுக்கு ஒண்ணுமில்லையா?" என்று. "சுண்டல்தான் இப்ப தனியா இருந்துக்கறானே" என்றேன். தைரியம் சொன்னேன் அண்ணா.  அவள் போய் மாவு அரைத்தாள்.

பொங்கல் முடிந்து நான்காம் நாள் கிளம்பினாள். நான் ஆபீசில் இருந்தேன், கேமராவில் பார்த்தேன். முதல் நாளே பெட்டியை எதிர்வீட்டில் வைத்திருக்கிறாள். செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்திருக்கிறாள், சத்தம் வரக் கூடாது என்று. சாவியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்தாள். நாயைத் தாண்டிப் போகும்போது குனியவில்லை, தடவவில்லை. கதவருகில் ஒரு கணம் நின்றாள், ஆனால் திரும்பவில்லை. கதவு மூடியது. சுண்டல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். இத்தனை மாதத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை, நான் உள்பட. உடனே அவளுக்கு ‘அருமை’ என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது.

எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். நாய்க்குத்தான் அந்த விதி. எனக்கு ஒரு போன் பண்ணி, கிளம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. தினமும் பேசுகிறோம் என்று சொல்ல முடியாது. முதலில் தினமும், பிறகு ஞாயிற்றுக்கிழமை, பிறகு அவளுக்கு விடைத்தாள் திருத்துகிற வேலை. நான் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் சுண்டல் எழுந்துகூட வர மாட்டான். அதுதானே வேண்டும்? அதற்குத்தானே பாடுபட்டோம்? ஆனால் சில நாள் நான் செருப்போடு அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன். யாராவது வந்தாயா என்று கேட்டால் உள்ளே போகலாம் என்பது மாதிரி.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். போன மாதம் அந்தக் கேமராப் படங்களை எல்லாம் உட்கார்ந்து தேடினேன். அவள் தரையில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றாவது இருக்கும் என்று. போனில் இடம் பற்றாது என்று, செல்லாததை எல்லாம் அன்றன்றைக்கே அழித்திருக்கிறேன். நூற்றுப்பத்து நாள் படம் இருக்கிறது. எல்லாவற்றிலும் வீடுதான் இருக்கிறது. சோபா, ஃபேன், ஒரு நாய்.

மணி பத்தே கால் ஆகிவிட்டதா? வாருங்கள், மாடிக்குப் போய் அதை இறக்கலாம். நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள். மெதுவாக, அந்தக் கம்பி கையைக் கிழிக்கும், அது அவன் கடித்த இடம். தூசியைத் தட்டி, கழற்றி வைத்த கதவையும் மாட்டிவிடுகிறேன். வண்டியில் ஏற்றிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உள்ளே போக அடம்பிடிப்பான், இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். ஐந்தாறு மாதம் ஆயிற்றே.

பாருங்கள். பாருங்கள் அண்ணா. அவனாகவே ஏறிவிட்டான். சுற்றிச் சுற்றிப் படுத்தும்விட்டான். நான் என்னவோ…

இல்லை, கண்ணில் தூசி. கூண்டைத் தட்டினேன் இல்லையா?

கையெழுத்தா, கொடுங்கள். அனுப்புகிறவர் சத்தியசீலன், சரி. பெறுகிறவர்… இதில் ஒரு தப்பு இருக்கிறது அண்ணா. பூங்கோதை இளங்கோவன் என்று அடித்திருக்கிறார்கள். இளங்கோவன் என் மாமனார். கல்யாணமான நாளிலிருந்து பாஸ்போர்ட், பாங்க் எல்லாவற்றிலும் அவள் பூங்கோதை சத்தியசீலன்தான். உங்கள் ஆபீசில் யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள், பேனாவைக் கொடுங்கள், அடித்துத் திருத்திவிடுகிறேன்.

அவளேவா? அவளே போனில் நிரப்பி அனுப்பியதா?

சரி.

முகவரியும் அக்கா வீடு இல்லை. அக்கா மேலவீதி. இது நாஞ்சிக்கோட்டை ரோடு, இரண்டாவது மாடி. அவளுக்கு அங்கே யாரும் இல்லையே. பள்ளிக்குப் பக்கம் என்று எடுத்திருப்பாளாக இருக்கும். மூன்று வாரத்துக்கு யாராவது வீடு எடுப்பார்களா அண்ணா? நீங்கள் நாலு ஊர் பார்த்தவர், அதனால் கேட்கிறேன். வேண்டாம், விடுங்கள். மாடி என்றால் படியேறும்போது இவனுக்கு இடதுபக்கப் பின்னங்காலைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, பெறுகிறவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டு. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு இதை மட்டும் எனக்கு விட்டிருக்கிறாள்.

இதை நிரப்பாமல் கொடுத்தால் உங்கள் ஆபீசில் வாங்கிக்கொள்வார்களா, அண்ணா?